குழலுக்கு எதற்கு நகை

தங்கை செய்தது அயோக்கியத்தனம். அது அவளுக்கே தெரியும். இல்லாவிட்டால் பட்டப்பகலில் பட்டறைக் கதவை எதற்குத் தாழ்போட வேண்டும்?

பழைய வாத்தியங்களைப் பழுதுபார்ப்பது அவள் தொழில். "இங்கே கைவைக்காதீங்க" என்று வாடிக்கையாளர் சொன்ன இடத்தை இருபது வருஷத்தில் அவள் தொட்டதில்லை. ஆனால் மேஜைமேல் கிடந்தது அக்காவின் குழல். சொந்த அக்கா என்றால் சொன்ன பேச்சுக்கு மரியாதை கொஞ்சம் குறைந்துதான் போகிறது.

அதற்கு முன்னால் அது அப்பாவின் குழல். நூற்றைம்பது வருஷத்துக் கருங்காலி. கடைந்தவன் எவனோ, மகராசன், ஒரு கோடுகூட அதிகமாகப் போடவில்லை. அப்படிப்பட்ட குழலின் தலைப்பகுதியில், ஊதுகிற துளையை ஒட்டி, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளி வளையம். வளையம் முழுக்கக் கொடி, கொடிக்கு நடுவே இரண்டு பறவைகள், பறவைகளின் வாயில் ஆளுக்கொரு பூ. வளையத்தின் ஓரத்தில் எதையோ வெட்டி எடுத்த மொட்டு மொட்டான தழும்புகள் வேறு. பார்க்கிறவர்களுக்குக் கண் வலிக்கும்.

பதினாலு வயதில், அப்பா வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து அக்கா அதை மாட்டிவிட்டாள். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. திரும்பி வந்த அப்பா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. கழற்றினால் மரம் கெட்டுவிடுமோ என்று பயந்து வளையத்தை அப்படியே விட்டுவிட்டார். "ஊதுற குழலுக்கு எதுக்கு நகை?" என்று மட்டும் சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். மூத்தவளுக்கு ரசனை கிடையாது என்று அன்றைக்கு எழுதிய தீர்ப்புக்கு மேல்முறையீடே இல்லை. அவளுக்குப் பரிசு என்றால் உறவு முழுவதும் மினுமினுப்பாகத்தான் தேடும். தங்கையும் யோக்கியமில்லை, போன பிறந்தநாளுக்கு ஜிகினா வைத்த கைப்பைதான் கொடுத்தாள். அக்கா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தாள்.

வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான் என்பதால் குழல் அவளிடம் வந்தது. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். இத்தனை வருஷம் பிள்ளைகளை மேடையேற்றிவிட்டுத் திரைக்குப் பின்னால் நின்றவள், வருகிற சனிக்கிழமை முதல்முறையாகத் தனியாக வாசிக்கப் போகிறாள்.

"ரெண்டு துண்டும் சேர்ற மூட்டுல காத்து போகுது, அத மட்டும் பாரு. வளையத்துல கைவைக்காத, சொல்லிட்டேன்" என்று திங்கட்கிழமை கொடுத்துவிட்டுப் போனாள்.

மூட்டு ஒரு மணி நேர வேலை. செவ்வாய்க்கிழமை அது முடிந்ததும் தங்கைக்குக் கை சும்மா இருக்கவில்லை. மேடையில் இந்தக் கண்ணராவியோடா நிற்பாள்? கழற்றிக் காட்டினால் அவளே நன்றி சொல்வாள். கதவைத் தாழிட்டாள். வளையத்தைப் பற்றவைத்திருந்த இடத்தை மெல்லிய ரம்பத்தால் அறுத்து, வெள்ளியை நெம்பி விரித்து எடுத்தாள்.

'டிக்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். குழலை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள்.

ஊதுதுளையிலிருந்து வளையம் இருந்த அகலம் முழுவதும் மரத்தில் ஒரு விரிசல். வாயில் வைத்து ஊதிப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது. அறுத்த வளையத்தைத் திரும்ப மாட்டி மூடி மறைக்கவும் வழியில்லை. அக்கா வாழ்க்கையில் கேட்ட ஒரே ஒரு உதவி, அதையும் கெடுத்தாயிற்று. இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

பூதக்கண்ணாடியை எடுத்தாள். விரிசலின் ஓரங்களில் அழுக்கேறியிருந்தது. உள்ளே பழைய மெழுகு. இது இன்றைக்கு விட்ட விரிசல் இல்லை. அக்காவுக்குப் போன் செய்து, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் அக்கா நேரே வந்தாள். திட்டுவாள், குறைந்தபட்சம் அழுவாள் என்று தங்கை தயாராக நின்றாள். அக்கா குழலை வாங்கி, விரிசலை விரலால் ஒருமுறை தடவினாள்.

"அப்பாகிட்ட சொல்லிடாதடி."

அப்பா போய் ஆறு வருஷமாகிறது. சொன்ன பிறகுதான் அக்காவுக்கே உறைத்தது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்பக்கா விட்டுச்சு இது?"

"உனக்கு அஞ்சு வயசு. இத வச்சு ராணுவம் விளையாடுறேன்னு மாடிப்படியில போட்டுட்ட. போட்டுட்டு, அது உடைஞ்சதுகூடத் தெரியாம சாப்பிடப் போயிட்ட."

"நானா?"

"பின்ன நானா? அப்பா வர மூணு வாரம் இருந்துச்சு. நகை செய்யறவர்கிட்ட தூக்கிட்டு ஓடினேன். இறுக்கிப் பிடிக்க ஒரு பட்டை வேணும், வெள்ளி இருக்கான்னு கேட்டார். பணத்துக்கு எங்க போறது? அத்தை போட்டுவிட்ட பட்டை வளையல் கையில இருந்துச்சு. கழட்டிக் கொடுத்தேன். ஓரத்துல தொங்கின சலங்கைய வெட்டி எறிஞ்சுட்டு, சுருக்கிப் பத்தவச்சுக் கொடுத்தார். கொடியும் குருவியும் அதுல ஏற்கெனவே இருந்தது."

தங்கை மேஜைமேல் கிடந்த வெள்ளிப் பட்டையைப் பார்த்தாள். எத்தனை முறை இதைக் காட்டிச் சிரித்திருக்கிறாள்! வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொழில் பேச்சுக்குத் தாவினாள்.

"பட்டு நூல் சுத்தி மெழுகு போட்டா விரிசல் மூடிக்கும். சனிக்கிழமைக்கு நல்லாவே பாடும், அதுக்கு நான் ஜவாப்தாரி. மேல வளையத்தையும் பழையபடி பத்தவச்சிடறேன்."

"நூல் மட்டும் போதும். அது வேண்டாம்."

"கோவமாக்கா?"

"கோவம் என்னடி கோவம். எனக்கு அது பிடிச்சதே இல்ல. வளையலா இருந்தப்பவே பிடிக்காது."

தங்கைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்பா இருந்தவரைக்கும் சரி. அவர் போனப்புறமாவது கழட்டித் தொலைச்சிருக்கலாமே? ஆறு வருஷமா என்கிட்டயும் பேச்சு வாங்கிட்டு..."

அக்கா எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கழட்டினா ரிப்பேருக்கு உன்கிட்டதானே வரணும்? எப்படி உடைஞ்சதுன்னு கேட்ப. நான் என்னன்னு சொல்லுவேன்?"