கிராணியின் பல் செட்

டிஷ்யூவைப் பிரித்துப் பல் செட்டை உள்ளங்கையில் வைத்ததும் பஞ்சாலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேல் வரிசை ஒன்று, கீழ் வரிசை ஒன்று. தோட்டக் கூலிகளின் லயத்து வீட்டில் பிறந்த தன்னை இத்தனை வருஷம் "லயத்துப் பிள்ளை" என்று சொன்ன வாய் இவ்வளவுதானா என்று தோன்றியது.

மேசையில் மாமனார் படுத்திருந்தார். சாமுவேல் விசுவலிங்கம், எண்பத்தாறு வயது. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. தோட்டம் வீடமைப்பாக மாறிய பிறகும் ஆட்கள் அவரைக் கிராணி ஐயா என்றே கூப்பிட்டார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குத் தூக்கத்திலேயே போய்விட்டார். மறுநாள் ஞாயிறு, அன்றைக்குச் சபையில் அடக்கம் வைக்கமாட்டார்கள் என்பதால் இன்று மாலை நான்கு மணிக்கே ஆராதனை என்று முடிவாகிவிட்டது. கொடுத்துவைத்த சாவு என்று எல்லாரும் சொன்னார்கள். கொடுத்துவைத்தவள் நான்தான் என்று பஞ்சாலை நினைத்துக்கொண்டாள்.

கூட வேலை பார்க்கும் மணியம் உடம்பைக் கழுவித் துடைத்து, வெள்ளைத் துணியால் கழுத்துவரை மூடிவிட்டுக் கையுறையைக் கழற்றினான்.

"பாடி முடிஞ்சிருச்சுக்கா. இனி முகம், உங்க வேலை. தாடை இறுகிக்கிட்டு வருது லா. மொத பல்ல வச்சிருங்க. லேட்டானா கடப்பாற போட்டாலும் தொறக்காது."

"தெரியும்."

"மாமனாராச்சே, மனசுக்குக் கஷ்டமா இருந்தா நான் வேணா வைக்கவா?"

"வேணாம் மணியம். இவருக்கு நான்தான் செய்யணும்."

அவன் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு வேனைக் கழுவப் போனான்.

சிரம்பானில் இராஜமாணிக்கத்தின் சவப்பெட்டிக் கடையில் முகம் பார்ப்பது பஞ்சாலையின் வேலை. சவரம், பவுடர், உதட்டுக்கு லேசாக நிறம். வீட்டார் கொடுத்த போட்டோவில் இருப்பதுபோல் ஆளைக் கொண்டுவந்துவிடுவாள். அதில் முதல் பாடம் பல். பல் செட் போட்டவர் என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதை வாயில் வைத்துவிட வேண்டும். பல் இல்லாமல் உதட்டை மூடினால் கன்னம் உள்ளே விழுந்து ஆள் வேறு யாரோ ஆகிவிடுவார். அப்புறம் எந்தப் பவுடரும் உதவாது.

இந்த வேலையை அவள் தேடி வரவில்லை. செனாவாங் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் ஷிப்ட் பார்த்தாள். கம்பெனி வேறு நாட்டுக்குப் போனபோது அவளுக்கு வயது முப்பத்தொன்பது. சபை நடத்திய பாலர் பள்ளியில் அப்போது சமையலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவள்தான், ஆனால் எடுத்ததை விளையாட்டாக எடுக்கவில்லை. கர்த்தரை உண்மையாகவே பிடித்துக்கொண்டாள். ஞாயிறு தவறாமல் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். வேலை தனக்குத்தான் என்று நம்பியிருந்தாள். கமிட்டித் தலைவர் மாமனார். "அவளின்ட தகப்பன் என்னட்டப் பிரட்டில நிண்டவன். எங்கட பிள்ளையள் அவளின்ட கையால சாப்பிடுறதோ?" என்று கேட்டாராம். தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பிரட்டு என்பார்கள். அவள் அப்பா கணேசமூர்த்தி முப்பது வருஷம் அந்த வரிசையில் நின்று பால் மரம் வெட்டினவர். அந்தக் கமிட்டியின் செயலாளர் ஜெயந்தன், அவள் புருஷன். அப்பா சொன்னதை ஒரு வார்த்தை மறுக்காமல் தீர்மானப் புத்தகத்தில் அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு வந்தான்.

ஐந்து மாதம் கடை கடையாக அலைந்தாள். யாரும் கூப்பிடவில்லை. இராஜமாணிக்கம்தான், "பயப்பட மாட்டேன்னா வா" என்றார். போனாள். முதல் நாள் வேலை முடிந்து வந்து, குளித்து, தலைக்கும் ஊற்றிக்கொண்டு, மாமனாருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய் நீட்டினாள். அவர் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"பிணந் தொட்ட கை. இனி உம்மட கையால எனக்குப் பச்சைத் தண்ணியும் வேண்டாம்."

பிணத்தைத் தொட்டால் ஏழு நாள் தீட்டு என்று வேதத்தில் இருக்கிறது என்றும் சொன்னார். ஏழு நாள் ஏழு வருஷமாயிற்று. சாப்பாடு அடுத்த சாலையிலிருந்த மகள் கோமளாவின் வீட்டிலிருந்து டிபன் கேரியரில் வந்தது. தண்ணீருக்கென்று மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர் ஒன்று தனியாக வந்தது. ராத்திரியானால் பல் செட்டும் அந்த மாதிரி இன்னொரு டம்ளரில் கிடக்கும். இரண்டுக்கும் தண்ணீர் ஊற்றுவது ஜெயந்தன். அவள் தொடக்கூடாது.

ஜெயந்தன் அவள் போட்ட தேத்தண்ணியைக் குடிக்காமல் இல்லை. குடிப்பான், ஆனால் ஹாலில் உட்கார்ந்து அல்ல. அப்பா கண்ணில் படாமல் பின்கட்டு அடுப்படியில் நின்றுகொண்டு, அவசர அவசரமாகக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போவான். தொட்டுத் தாலி கட்டி, மோதிரமும் போட்ட புருஷன், திருட்டுப் பூனை மாதிரி நின்று குடிப்பான். மாமனார் மேல் இருந்த ஆத்திரத்தில் பாதி அவளுக்கு இவன் மேல்தான்.

ஏழு வருஷமும் பஞ்சாலை சபையில் முழங்கால் போட்டு ஒரே ஜெபத்தைத்தான் செய்தாள். கர்த்தாவே, இவரை என் கைக்குக் கீழே கொண்டுவாரும். அது நல்ல ஜெபமல்ல என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் விடவில்லை.

இதோ, கொண்டுவந்துவிட்டார்.

கதவு திறந்தது. கோமளா வந்தாள். ஓய்வுபெற்ற ஆசிரியை, கறுப்புச் சேலை, கையில் கோட்டும் டையும். அழுது கண் வீங்கியிருந்தது. வாசலைத் தாண்டி உள்ளே வராமல் நின்றாள்.

"கிருபா, இன்னும் பல்லு வைக்கேல்லையே?"

கிருபா என்பது ஞானஸ்நானத்தில் மாமனார் வைத்த பேர். பஞ்சாலை என்ற பேர் அந்த வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை.

"வைக்கணும்க்கா."

"அப்பாவை வடிவாக் காட்டவேணும். முழுச் சபையும் பாக்க வரும். அவற்ற முகத்தில எவ்வளவு களை இருந்தது தெரியுமோ? எப்பிடியும் அந்த முகம் வரவேணும்." சொல்லும்போதே குரல் உடைந்து அழுதாள்.

பஞ்சாலைக்கு ஒரு கணம் மனம் இளகியது. அப்பனைப் பறிகொடுத்தவள்தானே. விடிந்ததிலிருந்து ஒன்றும் குடித்திருக்கமாட்டாள். மூலையில் பிளாஸ்கில் அவள் காலையில் போட்ட தேத்தண்ணி இருந்தது. பல் செட்டைத் தட்டில் வைத்தாள். கையுறையைக் கழற்றினாள். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினாள். கோமளா பார்க்கும்படியாகவே கழுவினாள். கோப்பையில் ஊற்றி, சர்க்கரை கலக்கி, வாசலுக்குக் கொண்டுபோய் நீட்டினாள். இவள் இதை வாங்கிக் குடித்தால் பல்லை வைத்துவிடுகிறேன் ஆண்டவரே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சத்தியமாகவே சொன்னாள்.

கோமளா கோப்பையைப் பார்த்தாள். பிறகு அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள்.

"எனக்கு வேண்டாம். இப்பதான் வீட்டில குடிச்சிட்டு வந்தனான்."

"ஒரு வாய் குடிங்கக்கா."

"வேண்டாம் எண்டுறன்."

சொல்லிவிட்டுக் கைப்பையைத் திறந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து, அங்கேயே நின்று மடக் மடக்கென்று குடித்தாள். பாவம், அவ்வளவு தாகம். கோட்டையும் டையையும் நாற்காலியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பஞ்சாலை அந்தத் தேத்தண்ணியை நின்றபடி தானே குடித்தாள். அவசரப்படவில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தாடை இறுக எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? வெளியே மணியம் வேன் கழுவும் சத்தம் கேட்டது. அது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய் விரலால் மாமனாரின் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். அசையவில்லை. பல் செட்டை டிஷ்யூவில் சுற்றித் தன் கைப்பையில் பாட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

மற்றதெல்லாம் குறை வைக்காமல் செய்தாள். சுத்தமாகச் சவரம் செய்தாள். டையின் முடிச்சை நேராகப் போட்டாள். தலையை வகிடெடுத்துச் சீவினாள்.

நான்கு மணிக்குச் சபை நிரம்பிவிட்டது. பீடத்துக்கு முன்னால் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். வரிசையாக ஆட்கள் வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் ஒரு நொடி கூடுதலாக நின்றார்கள். அப்புறம் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில் பஞ்சாலை கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வயிறு குளிர்ந்தது. மறைக்க ஒன்றுமில்லை, உண்மையாகவே குளிர்ந்தது.

கோமளா அவளிடம் குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "ஏன் வாய் இப்பிடிக் கிடக்கு? பல்லு எங்க?"

"தாடை இறுகிப் போச்சுக்கா. தொறக்க முடியல."

"நீர் நேரத்தோட செய்திருக்கலாம் தானே?"

"செஞ்சிருக்கலாம்."

போதகர் வாழ்க்கைக் குறிப்பு வாசித்தார். நாற்பது வருஷம் இந்தச் சபையில் கம்பீரமாகப் பாட்டெடுத்துக் கொடுத்த வாய் என்றார். எல்லாருடைய கண்ணும் பெட்டிப் பக்கம் போயிற்று. அங்கே வாய் உள்ளே போய், மூக்கும் நாடியும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டு, யாரோ ஒரு கிழவர் கோட்டும் டையுமாகப் படுத்திருந்தார்.

பழைய தோட்டத்து ஆள் தனலெட்சுமி பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து பஞ்சாலையின் கையைப் பிடித்தாள். ரொம்ப வயசாகிவிட்டது, மனசில் பட்டதைச் சத்தமாகவே சொல்லிவிடுவாள்.

"ஏண்டி பஞ்சால, கிராணியா அது? அப்படியே ஒங்கப்பன் கணேசமூர்த்தி படுத்திருக்கற மாதிரியில்ல இருக்கு!"

முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பஞ்சாலை எழுந்து பெட்டியை எட்டிப் பார்த்தாள். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் ஒரு பல்கூட இல்லை, செட் கட்டவும் இல்லை. கன்னம் ஒட்டி, இதே மாதிரித்தான் லயத்து வீட்டுப் பாயில் கிடந்தார். கிராணி வந்து வெளியே நின்று பார்த்துவிட்டு, கொடுத்த கலர் சோடாவைக்கூடத் தொடாமல் போனார். மரியாதையைக் கெடுக்கத்தான் அவள் நினைத்தாள். தன் அப்பனின் முகத்தை இவருக்குப் போட்டுவிடுவோம் என்று நினைக்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. அந்த முகத்துக்கு இவர் தகுதியில்லை என்றுகூடத் தோன்றியது.

கடைசியாகக் குடும்பத்தார் போனார்கள். ஜெயந்தன் அப்பாவின் நெற்றியில் முத்தமிடக் குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் கை தன்னால் போய் அப்பாவின் நாடியைப் பிடித்தது, தினமும் ராத்திரி பல் செட்டைக் கழற்றப் பிடிப்பதுபோல. காலையில் அந்தப் பல்லை டிஷ்யூவில் சுற்றி அனுப்பியவனே அவன்தான். மெதுவாகத் தலையை நிமிர்த்தி மூன்றாவது வரிசையைப் பார்த்தான். பஞ்சாலை கண்ணைத் திருப்பவில்லை. முதலில் திருப்பியவன் அவன்தான். பெட்டியை மூடினார்கள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. ஹால் நிறையச் சபை ஆட்கள். மாமனார் உட்காரும் பிரம்பு நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. கோமளா கடையிலிருந்து தேத்தண்ணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். பஞ்சாலை அடுப்படியில் இருக்கும்போதே, அவள் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே கொடுத்தாள்.

பஞ்சாலை மாமனாரின் பல் செட் டம்ளரை அலமாரியிலிருந்து எடுத்தாள். ஏழு வருஷத்தில் இன்றுதான் அதைத் தொடுகிறாள். கைப்பையைத் திறந்து, டிஷ்யூவைப் பிரித்து, பல் செட்டை உள்ளே போட்டாள். குழாயைத் திறந்து தன் கையாலேயே தண்ணீர் பிடித்தாள். அதைத் தேத்தண்ணிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டு கோப்பையில் ஊற்றினாள்.

ஜெயந்தன் வந்தான். அப்பாவை மண்ணில் வைத்துவிட்டு வந்த பிறகும் முன்வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் நுழைந்தான். கோப்பையை எடுத்துக்கொண்டு வழக்கமான மூலையில், கதவுக்குப் பின்னால் ஒதுங்கினான். வாய்க்குக் கொண்டுபோனவன் டம்ளரைப் பார்த்தான்.

கோப்பை அந்தரத்தில் நின்றது.

"இது..." என்றான்.

அவள் டம்ளரை மறைக்கவில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் உங்கள எங்கன்னு தேடுவாங்க," என்றாள். "முன்னாடி போயிக் குடிங்க."

"அக்கா இருக்கா. சபை ஆளுங்க எல்லாம்..."

"அதான் சொல்றேன். முன்னாடி."

ஜெயந்தன் டம்ளரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது துக்கமா பயமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. அவன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஹாலுக்குப் போனான். பேச்சுச் சத்தம் தாழ்ந்தது. பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது. அந்த நிசப்தத்தில் அவன் உறிஞ்சிக் குடிப்பது அடுப்படிவரை கேட்டது.

பஞ்சாலை டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். மேல் வரிசை முழுதாய் நனையவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மூடியைப் போட்டு வைத்தாள்.