தப்பிப் பிழைத்த மீன்கள்

விடுமுறை நாளில் அண்ணன் தன் பண்ணையிலிருந்து தங்கைகள் இருவர் வீட்டுக்கும் மீன் கொடுத்தனுப்புவார். அக்கா வாங்கியதும் செதில் சீவ உட்கார்ந்துவிடுவாள். இளையவள் அப்படியில்லை, முதலில் செவுள் மூடியைத் தூக்கிப் பார்ப்பாள். மீன்நோய் சோதனைக்கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறவளுக்கு அது கைப்பழக்கம். "சமைக்கச் சொன்னா வைத்தியம் பாக்குறா" என்று அவள் கணவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அந்த வாரம் வந்தது இரண்டு கிலோக் கெண்டை. கண்ணில் தெளிவு, செவுளில் நல்ல சிவப்பு, உடம்பில் ஒரு கீறல் இல்லை. பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம். செவுளில் கடுகளவு கத்தியால் நறுக்கி ஒரு சின்னக் குப்பியில் போட்டு, மேலே "வீடு" என்று எழுதி, மறுநாள் வேலைக்கு எடுத்துப் போனாள். அன்றைக்குச் சோதனை இயந்திரத்தில் மாதிரி வைக்கும் குழி ஒன்று காலியாக இருந்தது. அதை நிரப்ப வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணமே கிடையாது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்தாள்.

சாயங்காலம் முடிவு வந்தது. அந்த ஆரோக்கியமான மீனில் செவுள் அழுகல் வைரஸ் இருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, நிறைய இருந்தது.

தன் கத்தியில்தான் அழுக்கு என்று நினைத்தாள். மறுபடி செய்தாள். மூன்றாம் முறையும் செய்தாள். வைரஸ் அசையவில்லை.

இரண்டு வருடமாக அந்த வட்டாரத்தில் குளம் குளமாக மீன்களைக் கொன்றுகொண்டிருந்த நோய் அது. அதில் அதிகம் அடிபட்டவர் அக்காவின் கணவர். அத்தானுக்கு மூன்று குளங்கள். முதல் வருடம் மூன்றிலும் மீன் வெள்ளையாக மிதந்தது. அவர் தண்ணீரை இறைத்து, சுண்ணாம்பு அடித்து, சேறு வெடிக்கும்வரை காயப்போட்டு, புதுக் குஞ்சு விட்டார். இரண்டாம் வருடமும் மிதந்தது. மனிதர் பேச்சையே குறைத்துக்கொண்டார். சாப்பிடும்போது தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்ப்பதாக அக்கா போனில் சொல்லி அழுதாள்.

அண்ணன் பண்ணையில் மட்டும் ஒரு மீன்கூடச் சாகவில்லை. அதற்கு அவர் சொல்லும் காரணம் ஊருக்கே மனப்பாடம். பத்து வருடத்துக்கு முன் இதே நோய் அவர் குளத்துக்கு வந்தபோது நூற்றுக்குத் தொண்ணூறு செத்தது. மிச்சம் பத்தை விற்காமல் வைத்திருந்து, அவற்றிலிருந்தே குஞ்சு எடுத்தார். அடுத்த தலைமுறையில் ஐம்பது செத்தது. அதற்கடுத்து பத்து. அப்புறம் சாவே இல்லை. "தப்பிச்சதுதான் வித்து" என்பார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அண்ணனுடைய குஞ்சு நிஜமாகவே பொன்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அண்ணன் குஞ்சுக்குச் சொல்லும் விலை அத்தானுக்குக் கட்டாது. அவர் வேறிடத்தில் மலிவான குஞ்சு வாங்குவார். தங்கை புருஷனாயிற்றே என்று அண்ணன் இந்த இரண்டு வருடமாகக் குளத்துக்கு இருபது வளர்ந்த மீனைச் சும்மாவே கொண்டுபோய் விடுவார், நல்ல வித்து கலக்கட்டும் என்று. மற்றதெல்லாம் செத்து மிதந்தபோதும் அந்த இருபது மட்டும் துள்ளிக்கொண்டிருக்கும். அதைக் காட்டி அண்ணன் நாலு பேர் நடுவில் சொன்னார்:

"பாத்தீங்களா? என் மீன் யார் கையிலயும் பொழைக்கும். மாப்பிள்ளைக்குத்தான் கை சரியில்ல. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்."

இளையவளும் அன்றைக்கு அங்கே இருந்தாள். கொஞ்சம் சிரித்துக்கூட வைத்தாள்.

இப்போது அவள் வைரஸின் மரபணு எழுத்துகளைப் படிக்க உட்கார்ந்தாள். வைரஸ் தன்னைத் தானே நகல் எடுத்துக்கொண்டே இருக்கும், அவசரக் குடுக்கை, நகல் எடுக்கும்போது பிழை விடும். அந்தப் பிழை அடுத்த நகலுக்கும் போகும். பிழைகளை வரிசையாக எண்ணினால் எது தாய், எது பிள்ளை என்று சொல்லிவிடலாம். அத்தான் குளத்தில் செத்த மீன்களின் மாதிரி சோதனைக்கூடத்தில் பத்திரமாக இருந்தது. பத்து வருடத்துக்கு முந்தைய பழைய வைரஸின் பதிவும் இருந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழையதற்கும் அண்ணன் மீனில் இருந்ததற்கும் நடுவே அறுபத்தோரு எழுத்து மாறியிருந்தது. அதே அறுபத்தொன்றும் அத்தான் மீனில் இருந்தது, கூடுதலாக நான்கு.

தாய் அண்ணன் வீட்டில். பிள்ளை அத்தான் வீட்டில்.

நடந்தது அவளுக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் மீனை மட்டும் வளர்க்கவில்லை. மீன் ஒவ்வொரு தலைமுறைக்கும் உரமேறிக்கொண்டே போனபோது, சாதுவான வைரஸ் அதனிடம் பிழைக்க முடியாமல் ஒழிந்தது. முரடு மட்டும் தங்கியது. மீன் இன்னும் கெட்டியானது, வைரஸ் இன்னும் முரடானது. கடைசியில் இரண்டும் ஒன்றுக்கொன்று பழகி, சண்டை சச்சரவு இல்லாமல் ஒரே உடம்பில் குடித்தனம் நடத்தின. அந்த முரடன் எந்தப் பழக்கமும் இல்லாத ஒரு சாதாரண மீனுக்குள் நுழைந்தால் ஒரு வாரம் போதும். இத்தனை வருடமும் இது யார் கண்ணிலும் படாததற்குக் காரணம் ரொம்பச் சாதாரணம். செத்த மீனைத்தான் சோதனைக்கு அனுப்புவார்கள். துள்ளுகிற மீனை யார் அனுப்பினார்கள்?

பதிவெண் போட்ட மாதிரியில் நோய் தெரிந்தால் ஒரே நாளில் மேலே தெரிவிக்க வேண்டும் என்பது விதி. "வீடு" என்ற குப்பிக்குப் பதிவெண் இல்லை. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அவள் பன்னிரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அண்ணனின் தாய்மீன் எல்லாவற்றையும் கொல்லச் சொல்வார்கள். பத்து வருட உழைப்பு ஒரே நாளில் குழிக்குப் போகும். அவளைப் படிக்க வைத்தவர் அவர். சொல்லாவிட்டால் அத்தான் அடுத்த குஞ்சை விடுவார், அண்ணன் அடுத்த இருபதை விடுவார். இருதலைக் கொள்ளி எறும்பு எந்தப் பக்கமாவது ஓடிப் பார்க்கும். இவள் நடுவிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் அக்கா போன் செய்தாள்.

"இவரு மீனே வேண்டாங்கறாருடி. குளத்த மண்ணு போட்டு மூடிட்டு யார்கிட்டயாவது வண்டி ஓட்டப் போறாராம். மாசக் கடைசில மண்ணு லாரி வரும்னாரு. நானும் சரின்னுட்டேன். மனுஷன் தெனம் தெனம் சாகறத எத்தன நாள் பாக்கறது?"

அன்று சாயங்காலமே அவள் பண்ணைக்குப் போய் அண்ணனிடம் சொன்னாள். அவர் கையில் தீவனச் சட்டி இருந்தது. அதைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"நோய் இருந்தா மீன் சாகணுமில்ல? என் மீன் செத்துச்சா?"

"சாகல அண்ணா. சுமக்குது."

"என்னம்மா பேசற நீ? படிச்ச திமிரா? மாப்பிள்ளைக்குக் கையாலாகலேன்னா அதுக்கு என் மீன் தலைய உருட்டணுமா?"

கத்தித் தீர்த்தபின் அவரே ஒரு வழி சொன்னார். சோதனைக்கூடத்தில் நோயே காணாமல் வளர்க்கும் மீனில் பத்தைக் கொண்டு வா, என் மீன் பத்தோடு ஒரே தொட்டியில் விடு, என் கண் முன்னால் நடக்கட்டும். "முடிவு தெரியற வரைக்கும் உங்க அக்காகிட்ட மூச்சு விடாத." அவளும் தலையாட்டினாள். சரியான சோதனைதான் அது, அவளே கேட்டிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாள். ஆனால் அது முடியப் பத்து நாள் ஆகுமே, அதற்குள் லாரி வந்துவிட்டால் என்ன என்று அவள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். போட்டாள். போட்டும் தலையாட்டினாள்.

இரண்டு வகையும் ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்க அண்ணன் மீன்களின் வால் ஓரத்தைச் சிறிது கத்தரித்து விட்டார்கள். ஐந்து நாள் ஒன்றுமில்லை. அண்ணன் விசிலடித்துக்கொண்டு திரிந்தார். ஆறாம் நாள் சோதனைக்கூடத்து மீன்கள் தண்ணீர் விழும் இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. எட்டாம் நாள் ஆறு மிதந்தன. ஒன்பதாம் நாள் காலை பத்தும் மிதந்தன. அவற்றுக்கு நடுவே வால் கத்தரித்த பத்தும் தீவனத்துக்காக மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

அண்ணன் தொட்டித் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார்.

"தண்ணி சூடா இருந்திருக்குமோ? இன்னும் ஒரு நாள் பாக்கலாம்மா."

பார்க்க என்ன இருக்கிறது? சாக வேண்டியதெல்லாம் செத்துவிட்டது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தும் அந்த ஒரு நாளையும் அவள் கொடுத்தாள்.

மறுநாள் அவர் குளிக்காமல் கொள்ளாமல் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தாய்மீன இன்னைக்கே அழிச்சிடச் சொல்லி மீன்வள ஆபீஸுக்கு எழுதிக் குடுத்துட்டேன். வா, மாப்பிள்ளைய நான் பாக்கணும்" என்றார். இருவரும் அவர் வண்டியில் கிளம்பினார்கள்.

அத்தான் வீட்டுக்குப் பின்னால் குளம் இருந்த இடத்தில் செம்மண் குவியல் குவியலாகக் கிடந்தது. இரண்டு குளம் மேடாகிவிட்டது. மூன்றாவதில் பாதி. அத்தான் மண்வெட்டியோடு நின்று சமன் செய்துகொண்டிருந்தார். அக்கா கொல்லைக் கதவருகே நின்றாள்.

"லாரிக்காரன் நேத்தே வந்துட்டான், வேற லோடு இல்லையாம்" என்றாள்.

அண்ணன் மண்ணில் இறங்கிப் போய் அத்தான் முன்னால் நின்றார். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"உன் மீனக் கொன்னது என் மீன்தான் மாப்பிள்ளை. நான் கொண்டாந்து விட்டது. உன் கையில ஒரு தப்பும் இல்ல. நாலு பேர் முன்னால உன்னக் கேவலமாப் பேசினேன். என்ன மன்னிச்சிடு."

அத்தான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ரொம்ப நாளாகச் சுமந்ததை யாரோ வாங்கிக்கொண்டதுபோல் தோள் இறங்கியது. "அப்போ நான் சரியாத்தான் செஞ்சிருக்கேன் மச்சான்" என்று மெல்லச் சொன்னார். பிறகு இளையவள் பக்கம் திரும்பினார்.

"இது எப்பம்மா தெரிஞ்சுது?"

"இன்னைக்குக் காலையிலதான்" என்று அண்ணன் முந்திக்கொண்டார். அவளைக் காப்பாற்றத்தான். அவளும் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், அண்ணன் ஒத்துக்கொண்டது அன்று காலையில்தான் என்பதால் அதில் பாதி உண்மையும் உண்டு.

"இல்ல அத்தான்" என்றாள். "எனக்குத் தெரிஞ்சு இருபத்திரண்டு நாளாச்சு."

அத்தான் திரும்பி அந்த மண்ணைப் பார்த்தார். அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் வரைக்கும் பார்த்தார்.

"அப்ப மூணு குளமும் இருந்துச்சே" என்றார்.