குமிழி இருக்கா பாரு

தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது, காலையிலிருந்து கலவைச் சட்டி தூக்கிய தோள், இப்போது அதே கையைத் தூக்கி, மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபைத் தூணோடு ஒட்டிப் பிடித்து அசையாமல் நில் என்றால் எப்படி... ஆனால் நிற்க வேண்டும், உள்ளே இருக்கும் தண்ணீர் அடங்கும்வரை நிற்க வேண்டும், அதுவும் இன்றைக்கு. இருபதடி தள்ளி, டியூபின் மறுமுனையைப் பழைய குறிமேல் பிடித்துக்கொண்டு செங்கல்வராயன் மேஸ்திரி. "இன்னிக்கு நீயே கோடு போடும்மே, எனுக்குக் கண்ணு மங்கலாக் கீது. கரெக்டா போட்டேன்னா நாளையிலேர்ந்து கொத்தனாரா கரணை புடி." இன்னா இப்படிச் சொல்லிட்டாரு மனுஷன், பதினாறு வருஷமாகச் சித்தாள், அயனம்பாக்கம் பக்கம் எத்தனை மாடி ஏறியாயிற்று, ஒருத்தனாவது நாகவல்லி கையில் பென்சிலைக் கொடுத்திருப்பானா, பொம்பள மட்டம் பாத்தா ஊடு நேரா நிக்குமான்னு சிரிச்சவனுங்கதான்.

நீலம் கரைத்த தண்ணீர் டியூபுக்குள் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது... ஏறட்டும், அவசரமில்லை. நடுவில் செங்கல் குவியல், சிமெண்ட் மூட்டை, டியூப் பாம்பு மாதிரி வளைந்து கிடக்கிறது, கிடந்தால் என்ன, அங்கே எந்த உயரமோ இங்கேயும் அதே உயரம், யார் சொல்லிக்கொடுத்தார்கள் இதற்கு? ஓரத்தில் மட்டும் தண்ணீர் டியூபைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் மேலே ஏறும், நடுவில் குழியும், குழியின் அடியைப் பார்த்துத்தான் கோடு. வெயிலில் கிடந்த டியூபை நம்பக்கூடாது, சூடேறினால் தண்ணீர் லேசாகி ஒரு பக்கம் உயர்ந்து நிற்கும், உள்ளே கரைந்திருந்த காற்று குமிழியாக வெளியே வந்து குறுக்கே அடைத்துக்கொள்ளும். புளியங்கொட்டை அளவு காற்று... அது போதும், தண்ணீரையே பொய் சொல்ல வைக்க.

பருத்திப்பட்டு வீட்டில் அதுதானே நடந்தது. போன வருஷம், மகள் ஜோதிகாவுக்குப் பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த நாள், இடுப்பில் செருகியிருந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது, டியூபோ மொட்டை மாடி வெயிலில் வெந்து கிடந்தது. மேஸ்திரி வழக்கம்போலக் கேட்டார், "குமிழி இருக்கா பாரு." பார்க்கவில்லை. "இல்ல மேஸ்திரி" என்றாள், வாய் தானாகச் சொன்னது. பாத்ரூம் தரை போட்டு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் அது ஓட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படுக்கையறைக்கு நடந்து போகிறது. இஞ்சினியர் விஷால் சார் குதித்த குதி... யார் பார்த்தது, யாரை வேலையை விட்டு அனுப்பணும் சொல்லுங்க என்றார். மேஸ்திரி முந்திக்கொண்டார். "குமிழி கீதான்னு கேக்க மறந்துட்டேன் சார், என் தப்புதான்." கேட்டாரே! கேட்ட மனுஷன் கேட்கவில்லை என்றார். நாலு நாள் தனியாளாக உட்கார்ந்து தரையைக் கொத்தினார், கிட்டே போனால், "போய் கலவையப் பாரும்மே." அன்றைக்கு அவளை அனுப்பியிருந்தால் ஜோதிகா இப்போது நர்சிங் காலேஜில் உட்கார்ந்திருப்பாளா, எங்கேயாவது கம்பெனியில் டப்பா அடுக்கிக்கொண்டிருப்பாள். தினமும் கும்பிடும் சாமிக்குப் பக்கத்தில் அந்த மனுஷனையும் நினைத்துக்கொள்கிறாள், வஞ்சிரக் கருவாட்டுக் குழம்பு வைத்தால் அவருக்கு ஒரு டப்பா, தீபாவளிக்கு வேட்டி... "இன்னாத்துக்கும்மே இதெல்லாம்" என்பார், வாங்கிக்கொள்வார்.

படியில் ஷூ சத்தம், விஷால் சார். "என்ன மேஸ்திரி, இன்னைக்காவது குமிழி பாக்கச் சொன்னீங்களா, இல்ல மறந்தாச்சா?" எல்லோரும் சிரித்தார்கள், மேஸ்திரியும். "வயசாயிடுச்சி சார், மறதி ஜாஸ்தி." பிடிப்பதற்கு முன்பே முழு டியூபையும் நிழலில் போட்டு முழம் முழமாக இரண்டு முறை பார்த்துவிட்டாள், ஒரு பொட்டுக் காற்றில்லை. தண்ணீர் நின்றது. குழியின் அடிக்கு நேராகக் கோடு இழுத்தாள். மேஸ்திரி வந்து குனிந்து பார்த்தார். "சூப்பரா கீது. நாளிக்கு சட்டியத் தொடாத." விஷால் சாரும் பார்த்தார், அவள் பக்கம் திரும்பினார். "பரவாயில்லயே, மேஸ்திரிய விட நீங்க கவனமா இருக்கீங்க."

பென்சிலைக் காதோரம் செருகிக்கொண்டாள். குழம்பும் வேட்டியும் மேஸ்திரிக்குப் போய்ச் சேர்ந்தன, சரி... இந்த இஞ்சினியரிடம் சொல்ல வேண்டியது? மேஸ்திரி டியூபைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார், விஷால் சார் படி இறங்கிக்கொண்டிருந்தார். அன்னைக்கு அவரு கேட்டாரு சார், நான்தான் பாக்காமலே இல்லன்னு சொன்னேன்... இந்த ஒரு பேச்சு இன்னும் பாக்கி.