போன மாதத்துப் பல்வலி

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லித்தான் ரேடியோவை அவன் அம்மா விமானம் ஏற்றி அனுப்பினாள். அந்த வாய்க்குள்ளே என்ன இருக்கிறது என்று அவளும் பார்க்கவில்லை, விசா கொடுத்தவர்களும் பார்க்கவில்லை.

ரேடியோ என்பது அறையில் வைத்த பெயர். காலையில் கண்ணைத் திறப்பதற்கு முன்பே வாயைத் திறந்துவிடுவான். வேலையிடத்தில் நாள் முழுக்கப் பேசி, அறைக்கு வந்து மிச்சத்தைப் பேசி, தூக்கத்தில் மறுஒலிபரப்பும் செய்வான். நிறுத்துகிற பொத்தான் எங்கே இருக்கிறதென்று அவனை இந்த நாட்டுக்குக் கூட்டி வந்த அக்கா புருஷனுக்கே தெரியாது.

அந்த மாமாவும் அவனும் ஒரு சலவை ஆலையில் ஜோடி. ஓட்டல்களிலிருந்து வரும் ஈரமான படுக்கை விரிப்பின் ஒரு மூலையை மாமா பிடிக்க, மறு மூலையை அவன் பிடிக்க, இருவருமாக உதறி இழுத்து, சூட்டு உருளையின் வாயில் கொடுப்பார்கள். அது ஒரே மூச்சில் வாங்கிக்கொண்டு, மறுபக்கம் அட்டை மாதிரி விறைப்பாகத் துப்பும். ஒருவன் வராவிட்டால் மற்றவன் இரண்டு மூலைக்கும் ஓடிச் சாக வேண்டும். அதனால் லீவு என்பது லேசில் கிடைக்காது. நோய் வந்தால் மட்டும் கிடைக்கும்.

ஆகவே அறையிலிருந்த நாலு பேரும் நோய்களைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்கு இடுப்புவலி. உலர்த்தும் யந்திரத்தில் நிற்கிற பண்டிதருக்கு நெஞ்சுவலி. மூட்டை கட்டும் மௌனசாமிக்கு வயிற்றுவலி. ரேடியோவுக்குப் பல்வலி. மாதத்துக்கு ஓர் ஆள், முறை வைத்து, ஒரு நாள். யாருக்கும் நிஜத்தில் ஒரு கேடும் கிடையாது. "அவனவன் நோயோட அவனவன் நிக்கணும். மாத்தி மாத்திச் சொன்னா மாட்டிப்போம்" என்பது பண்டிதர் போட்ட சட்டம். மருந்துக்கடை வாசலில் கொஞ்ச நாள் காவல் இருந்ததால் அவர் பண்டிதர்.

போன மாதம் தன் முறை வந்தபோது, ரேடியோ இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சந்தைப் பக்கத்துப் பல் டாக்டரிடம் போனான். வலி நடிப்பில் அவனை மிஞ்ச ஆளில்லை. நாற்காலியிலிருந்து பாதி விழுந்து காட்டினான். அந்த டாக்டரம்மாள் வாயைச் சுற்றிப் படமெடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவன் காட்டிய பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்துக் கடைசிப் பல்லை விரலால் தட்டினாள். பிறகு கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அவன் முகத்துக்கு நேரே நீளமாக ஏதோ சொன்னாள். சொல்லிக்கொண்டே தாடையிலிருந்து தொண்டைக்கு விரலால் ஒரு கோடு இழுத்தாள். கடைசியில் ஒரே சொல்லை மூன்று தடவை சொன்னாள். அவனுக்கு அந்த ஊர் மொழி அரைகுறையாகக்கூட வராது. பொய் சொல்லி வந்ததற்குத் திட்டுகிறாள் என்று முடிவு கட்டி, தலையை ஆட்டி, லீவுச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அன்று மாலை அறையில் அதுதான் நாடகம். அர்த்தம் தெரியாவிட்டாலும் ஓசை ஒன்றுகூடப் பிசகவில்லை. சோடாமூடியை மூக்கில் வைத்துக் கண்ணாடி, தொண்டையில் விரல், கடைசியில் அந்த மூன்று.

"என்னடா சொல்றா அவ?"

"இன்னொரு தரம் பொய் சொல்லிட்டு வந்தா கழுத்த அறுத்துப்புடுவேன்கறா, மாமா."

மாமாவுக்குச் சிரித்துச் சிரித்து, வராத இடுப்புவலி வந்துவிட்டது. அதற்குப் பிறகு தினமும் ஒரு காட்சி நடந்தது. சாம்பார்க் கரண்டியோ துடைப்பமோ கையில் இருந்தால் போதும், மாமாவே ஆரம்பித்துவிடுவார். சொல்லுக்குச் சொல் அவருக்கும் மனப்பாடம்.

இந்த மாதம் ஒரு தேநீர் இடைவேளையில், ரேடியோ ரொட்டியைக் கடித்துக்கொண்டே ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். கதை நடுவில் அறுந்தது. வலது பக்கம், கடைசியில், யாரோ பழுக்கக் காய்ச்சிய ஆணியை எலும்புக்குள் இறக்கியது போல இருந்தது. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"போன மாசத்தவிட நல்லா பண்றான்" என்றார் பண்டிதர்.

"நெசமாவே வலிக்குதுண்ணே."

"வலிக்கட்டும். உன் முறை முடிஞ்சுபோச்சு. இந்த மாசம் என் நெஞ்சு."

அதில் நியாயம் இருப்பதாகத்தான் ரேடியோவுக்கும் பட்டது. ஒரே மாதத்தில் இரண்டு நோய் வந்தால் ஆலை மேற்பார்வைக்காரி சந்தேகப்படுவாள், எல்லாருடைய லீவும் போய்விடும். பண்டிதர் ஒரு மாத்திரையைப் பொடித்து ஈறில் அப்பினார். ஈறு வெந்தது, வலி அங்கேயே இருந்தது. உருளையிலிருந்து சுடச்சுட வரும் தலையணை உறையை மடித்துக் கன்னத்தில் வைத்தால் மட்டும் சுகமாக இருந்தது. அன்று முழுக்க வைத்தான். ஒன்று ஆறியதும் அடுத்தது. உள்ளே இருந்தது என்னவோ, அந்தச் சூட்டுக்கு நன்றாகவே வளர்ந்தது.

மறுநாள் அவன் பேசவில்லை. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. அறையில் அதை ஒரு பண்டிகை போலக் கொண்டாடினார்கள்.

"இந்த ரூம்ல ஃபேன் ஓடுற சத்தம் கேக்கும்னு இன்னிக்குத்தான்யா தெரியுது" என்றான் மௌனசாமி. அவன் இவ்வளவு நீளமாகப் பேசியதும் அன்றைக்குத்தான்.

"பல்லுப் போனா சொல்லுப் போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க. ரேடியோ கொஞ்ச நாள் பழுதாவே கெடக்கட்டும்" என்றார் பண்டிதர்.

ரேடியோ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். எச்சிலை விழுங்க முயன்றான். அது பாதி வழியில் நின்று, திரும்பி வந்து, கடைவாயில் வழிந்தது. கையைத் தாடைக்குக் கீழே வைத்துப் பார்த்தான். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் சூடான பலகை மாதிரி ஒன்று இருந்தது. நேற்றுக் கன்னத்தில் இருந்த வீக்கம், இரவில் ஒரு படி கீழே இறங்கியிருந்தது. மல்லாந்தால் மூச்சு வரவில்லை. தன்னைச் சுற்றி மூன்று பேர் நிம்மதியாகச் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே ஒருவன் செத்துப்போகலாம், யாரும் சத்தத்தைக்கூடக் குறைக்கமாட்டார்கள் என்று முதல்முறையாகத் தோன்றியது.

அடுத்த நாள் காலையில் பண்டிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லீவில் படுத்தார். மற்றவர்கள் வேலைக்குப் போனார்கள். விரிப்பின் மூலை ரேடியோவின் கையிலிருந்து நழுவியது. மாமா திட்ட வாயெடுத்து, எதிர்முனையில் நின்ற முகத்தைப் பார்த்தார். தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்தபடி, காற்றைக் கடித்துக் கடித்து வாங்கிக்கொண்டிருந்தான்.

"மாப்ள. டேய். ஏதாவது பேசுடா."

ரேடியோ முயன்றான். வாயில் வெந்த கிழங்கை அடைத்துக்கொண்டு பேசுவது மாதிரி ஒரு முனகல் வந்தது. மாமாவின் கையிலிருந்த மூலையும் விழுந்தது. உருளை வெறும் வாயோடு சுற்றியது.

மாமா அவனை இழுத்துக்கொண்டு மேற்பார்வைக்காரியிடம் ஓடினார். ஆலையில் எல்லாருக்கும் பொதுவாக ஓர் உடைந்த மொழி உண்டு. இருபது சொல், மீதி கை கால். மாமா வாயைக் காட்டினார். அவள் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"பல்லா? மறுபடியும் பல்லா?" அவள் தன் இடது கன்னத்தைத் தட்டினாள். "போன மாசம் இது." வலது கன்னத்தைத் தட்டினாள். "இன்னிக்கு இது. நாளைக்கு எது? போ, வேலையப் பாரு."

மாமாவிடம் இருபது சொல்லும் தீர்ந்துவிட்டன. அவர் அறிந்த பல்வலி சம்பந்தமான வாசகம் இன்னும் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். வேறு வழியில்லாமல் அதை எடுத்துவிட்டார். இல்லாத கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். தாடையிலிருந்து தொண்டைக்கு விரலை இழுத்தார். அந்த நீள வாக்கியத்தை, குரலை மெலிதாக்கி, ஓர் ஓசை பிசகாமல் சொன்னார். கடைசியில் அந்த மூன்று.

எத்தனையோ தடவை நடந்த நாடகம். சிரிக்காத ஒரு முகத்தை ரேடியோ அன்றுதான் முதலில் பார்த்தான்.

மேற்பார்வைக்காரி எழுந்து வந்து அவன் கழுத்தில் கை வைத்தாள். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"இத யார் சொன்னது? எப்ப?"

"பல் டாக்டர். போன மாசம்."

"போன மாசமா!" அவள் அந்த வாக்கியத்தை உடைந்த மொழியில், விரல் விட்டு எண்ணுவது போலப் பிரித்துக் கொடுத்தாள். உள்ளே சீழ் இருக்கிறது. வீக்கம் தொண்டைக்கு இறங்கினால் ஆஸ்பத்திரிக்கு ஓடு. காத்திருக்காதே, காத்திருக்காதே, காத்திருக்காதே.

அழுக்கு மூட்டை ஏற்றும் வண்டியில் அவளே ஓட்டிக்கொண்டு போனாள். யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகளின் நடுவில் ரேடியோ உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று மாமா அவனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தார். "உங்க அக்காவுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்? பேசுடா, ஏதாவது உளறுடா, இனிமே வாய மூடுன்னு சொல்லவே மாட்டேண்டா" என்று அவர்தான் வழி முழுக்கப் பேசினார். ஆஸ்பத்திரியில் யாரும் எதையும் விசாரிக்கவில்லை. அப்படி விசாரிக்காமல் ஓடுகிறவர்களைப் பார்க்கத்தான் ரேடியோவுக்கு அதிகப் பயமாக இருந்தது. கத்தியோடு நின்ற டாக்டர் அவன் தாடையிலிருந்து தொண்டைக்கு மையால் ஒரு கோடு இழுத்தார். அதே கோடு.

கண் விழித்தபோது மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் ஒரு குழாய் செருகியிருந்தது. கட்டிலைச் சுற்றி மூன்று பேரும் நின்றார்கள். மாமாவின் உதடுகள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தன. டாக்டர் வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனாராம். ஒரு சொல்லும் புரியவில்லையாம். மறந்துவிடாமல் இருக்க, காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாராம்.

மேற்பார்வைக்காரி வந்ததும் அவள் முன்னால் நின்று, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒப்பித்தார். யாரும் சிரிக்கவில்லை. ரேடியோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிழைச்சுட்டான்" என்றாள் அவள். மாமா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "ஆனா இன்னும் ஒரு பல்லு இருக்காம். உள்ளே அதுவும் கெட ஆரம்பிச்சிருக்காம்." அவள் கையை நீட்டி ரேடியோவின் இடது கன்னத்தில் ஒரு விரலை வைத்தாள். போன மாதம் அவன் பிடித்துக்கொண்டு அழுத அதே இடம். அன்றைக்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

மாமா மெல்ல இடுப்பை நிமிர்த்திப் பார்த்தார். மௌனசாமி வயிற்றைத் தடவிக்கொண்டான். பண்டிதர் எதையும் தடவவில்லை. வலது கையை மட்டும் நெஞ்சுக்கு மேலே கொண்டுபோய், தொட்டுப் பார்க்கத் தைரியம் வராமல், அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார்.