மிமாஸுக்குப் பென்சில் வேலை

சாரல் மேகம் வெயிலை மறைத்ததும் சுகிர்தம் பென்சிலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள். வெளிச்சம் வந்தது, இரண்டு புள்ளி வைத்தாள். மறுபடியும் இருண்டது. காலையிலிருந்து இதே கதைதான். எழுந்து போய் வாசலைப் பார்த்தாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள், பென்சிலைத் தேவையில்லாமல் இன்னொரு தரம் சீவினாள். மூன்று மணிக்கு அண்ணன் வந்துவிடுவான்.

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஸ்டுடியோவின் முதலாளி மசூது பாய். சீசன் மாதங்களில் அவர் கேமராவும் கையுமாகக் குற்றாலத்து அருவிக்கரையிலேயே கிடப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு ஆடியிலும் அப்படித்தான். கடை சுகிர்தம் பொறுப்பு. அவளுக்கு வேலை முகங்களைச் சரிசெய்வது. சாய்வான மரச்சட்டத்தில் ஒரு கண்ணாடி, அதன்மேல் நெகட்டிவ்; கீழே கிடக்கும் இன்னொரு கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்தை மேலே எறியும். நெகட்டிவில் வெளுப்பு கருப்பாகவும் கருப்பு வெளுப்பாகவும் மாறியிருக்கும். கன்னத்தில் ஒரு தழும்புக்குழி இருந்தால் அதன் நிழல் அங்கே சின்னத் தெளிந்த ஓட்டையாகத் தெரியும். அந்த ஓட்டையை ஊசிமுனைப் பென்சிலால், சுற்றியிருக்கும் கருப்பின் அளவுக்கு, கூடாமலும் குறையாமலும் நிரப்பிவிட்டால் போதும். பிரிண்ட் போடும்போது கன்னம் சமமாகிவிடும். ஒரு குழிக்குப் பத்துப் பதினைந்து புள்ளி. அம்மை வார்த்த முகம் என்றால் ஒன்றரை நாள்.

தன் முகத்துக்கு அவளுக்கு இரண்டு நாள் பிடித்திருந்தது.

ஆறு வயதில் வார்த்த பெரியம்மை. இப்போது இருபத்தெட்டு. பென்சில் வேலை செய்த படம் இதுவரை இரண்டு இடத்துக்குப் போயிருந்தது. இரண்டு வீட்டாரும் படத்தைப் பார்த்துவிட்டு ஆசையாக வந்தார்கள், அவள் தட்டோடு வெளியே வந்ததும் தரையைப் பார்த்தார்கள், காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். இன்றைக்கு மூன்றாவது இடம். ஆலங்குளத்தில் யூனியன் ஆபீஸ் ஜீப் ஓட்டுகிறவர். புதிதாக எடுத்து, புதிதாகச் சரிசெய்த படம் நேற்றே காய்ந்து, கவருக்குள் போய், மேசை டிராயரில் இருந்தது.

பதினொரு மணிக்குக் குற்றாலத்துப் பெண்கள் கல்லூரியிலிருந்து அகிலாண்டேஸ்வரி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பௌதிகம் நடத்துகிறவள். போன வாரம் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைக் கொண்டுவந்து, அதிலிருந்த ஒரு படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லியிருந்தாள். கல்லூரிக் கண்காட்சிக்கு. அச்சுப் புள்ளி தெரியக்கூடாது, சுத்தமாக வர வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

சுகிர்தம் படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அகிலாண்டேஸ்வரி குனிந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"இதுல பள்ளமெல்லாம் எங்கங்க?"

"சரி பண்ணிட்டேன் டீச்சர். சுத்தமா வரணும்னு சொன்னீகள்லா."

அகிலாண்டேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே விட்டாள். இது மிமாஸ், சனிக் கிரகத்தைச் சுற்றுகிற நிலாக்களில் ஒன்று, முழுக்க முழுக்கப் பனிக்கட்டி என்றாள். வாயேஜர் என்ற விண்கப்பல் எண்பதில் அந்தப் பக்கமாகப் போகிற போக்கில் எடுத்த படம். அந்த பிலிமை யார் கொண்டுவந்து கழுவினார்கள் என்று சுகிர்தம் கேட்டாள். நல்ல கேள்வி என்று அகிலாண்டேஸ்வரி மேசையில் தட்டினாள். பிலிமே கிடையாது. கப்பலும் திரும்பி வராது. படத்தை எண்ணூறு வரியாக்கி, ஒவ்வொரு வரியையும் எண்ணூறு புள்ளியாக்கி, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளுப்பு என்று சைபரிலிருந்து இருநூற்றைம்பத்தைந்துக்குள் ஓர் எண் கொடுத்து, அந்த எண்களை ரேடியோவில் அனுப்பும். வந்துசேர ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இங்கே உட்கார்ந்து எண்ணைப் பார்த்துப் புள்ளி வைத்துப் படத்தைத் திரும்பச் செய்வார்கள். அங்கே வெயில் நம் வெயிலில் நூற்றில் ஒரு பங்குதான். அதனால் கேமராவைக் கொஞ்ச நேரம் திறந்துவைக்க வேண்டும். கப்பலோ பறக்கிறது. படம் இழுபடாமலிருக்க, திறந்திருக்கும் நேரம் முழுதும் நிலாவின் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் என்று தன் கழுத்தையே திருப்பிக் காட்டினாள்.

புள்ளி புள்ளியாக வைக்கிற வேலை சுகிர்தத்துக்குப் புரிந்தது. அவ்வளவு தொலைவிலிருந்து அப்படி அனுப்பிய புள்ளிகளில் எத்தனையைத் தன் பென்சில் தின்றிருக்கும் என்று நினைத்தபடி பிரிண்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

"பள்ளத்த எண்ணித்தான் அந்தத் தரைக்கு வயசு சொல்லுவாங்க. மேல வந்து விழுந்ததெல்லாம் அப்படியே பதிஞ்சிருந்தா, அது அவ்வளவு பழைய..." என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவளின் பேச்சு பாதியில் நின்றது. அவள் கண் சுகிர்தத்தின் கன்னத்தில் பட்டு, சட்டென்று விலகிக் குடையைத் தேடியது.

அந்த விலகலைச் சுகிர்தம் அறிவாள். காப்பி குடித்துவிட்டுப் போனவர்களுடைய கண்ணும் இப்படித்தான் விலகியது. ஆனால் அவர்கள் பேச்சு அதற்குமேல் போகவில்லை. இந்தப் பேச்சு மேலே போக வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. பத்திரிகையை விரித்து, மிமாஸின் ஒரு பக்கத்தையே அமுக்கிக்கொண்டிருந்த பெரிய பள்ளத்தில் விரலை வைத்தாள்.

"சொல்லுங்க டீச்சர். இது எம்புட்டுப் பெருசு?"

"நூத்தி முப்பது கிலோமீட்டர்" என்றாள் அகிலாண்டேஸ்வரி, மெதுவாக. "இன்னும் கொஞ்சம் வேகமா மோதியிருந்தா நிலாவே செதறியிருக்கும்னு எழுதியிருக்காங்க."

"செதறலேல்லா."

"இல்ல. செதறல."

பென்சில் வேலையை அழித்துவிட முடியும். கத்தியால் சுரண்டியிருந்தால்தான் போனது போனதுதான். பஞ்சில் கொஞ்சம் டர்பன்டைன் நனைத்து மிமாஸின் நெகட்டிவைத் துடைத்தாள். முதல் துடைப்பில் கரி கலங்கியது. மூன்றாவதில் பள்ளங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. பிரிண்டை நாளைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அகிலாண்டேஸ்வரி போனாள். படியிறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இந்த முறை கண்ணை எடுக்கவில்லை.

பஞ்சு இன்னும் கையில் ஈரமாக இருந்தது. சுகிர்தம் டிராயரைத் திறந்தாள், மூடினாள். வாசல்வரை போனாள். பிறகு வந்து தன் நெகட்டிவை எடுத்துச் சட்டத்தில் வைத்து, இரண்டு நாள் வேலையை இரண்டு நிமிஷத்தில் துடைத்தாள்.

அண்ணன் அருமைநாயகம் சுரண்டையில் வத்தல் கடை வைத்திருந்தான். மூன்று மணிக்குச் சட்டையெல்லாம் நனைந்து வந்தவன், படத்தைத் தா, மூன்றரைக்கு ஆலங்குளம் பஸ் என்றான். அவள் இருட்டறையிலிருந்து புதுப் பிரிண்டைக் கொண்டுவந்து ஒரு அட்டையில் வைத்துக் கொடுத்தாள். அவன் வெகுநேரம் பார்த்தான். இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிற முகத்தை இப்போதுதான் அவன் நின்று பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது.

"ஏட்டி, இது ஒன்னய மாதிரியேல்லா இருக்கு."

"வேற யார மாதிரி இருக்கணும்?"

"கிண்டல் பேசாத. நேத்து முடிச்சிட்டேன்னு சொன்னியே, அந்தப் படம் எங்க?"

"இருக்கு. தரமாட்டேன்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "இதப் பாத்துட்டு அவுக வரலன்னா?"

"வந்து காப்பி குடிச்சிட்டுப் போறதுக்கு, வராமலே இருக்கட்டும் அண்ணே."

பெரியம்மையில் அவள் வேப்பிலையில் கிடந்தபோது வாசலில் காவல் இருந்தவன் அவன்தான். படத்தைக் கவருக்குள் போடப் போனான். அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். இந்தச் சாரலில் பிரிண்ட் இன்னும் காயவில்லை, கவரில் போட்டால் ஒட்டிப் பிய்ந்துவிடும், ஆலங்குளம் போகும்வரை ஓரத்தை மட்டும் பிடித்துத் திறந்தபடியே கொண்டுபோக வேண்டும் என்றாள்.

"பஸ்ஸுல எல்லாரும் பாப்பாவளே?"

"பாக்கட்டும்."

பஸ் ஸ்டாண்டுவரை அவள் குடை பிடித்துக்கொண்டு கூடவே போனாள். அவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். காற்று சாரலை உள்ளே அடித்தது. ஷட்டரை இறக்க அவனுக்குக் கை ஒழியவில்லை. அட்டையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு முழங்கையால் முயன்றான். பக்கத்தில் இருந்த ஆள் அவனைத் தாண்டி எட்டி ஷட்டரை இறக்கினார். பாதி இறங்கியதும் அவர் கை நின்றுவிட்டது.

ஷட்டருக்குப் பின்னால் தலைகள் மறைந்துபோயின. கீழே தெரிந்த இடைவெளியில் அண்ணனின் இரண்டு கைகள், அவற்றுக்கு நடுவே அவள் முகம். மூன்றாவதாக ஒரு கை உள்ளே வந்து, படத்தைத் தொடாமல், அதன்மேல் ஒரு விரலை நீட்டி என்னவோ கேட்டது. அண்ணன் படத்தை அந்தக் கைப்பக்கமாகத் திருப்பிப் பிடித்தான். பஸ் நகர்ந்தது.