மூச்சு வாங்கிய புட்டி

லிஃப்ட்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்த பழைய சிவப்பு வைன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூச்சுவிடத் தொடங்கியது. சும்மா பேச்சுக்குச் சொல்கிற மூச்சு இல்லை. உள்ளே இழுத்தபோது ஜன்னல் திரை மேசைப் பக்கம் வந்தது, வெளியே விட்டபோது திரும்பிப் போனது. தன் மாடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வைகூட அதே தாளத்தில் புடைத்து அடங்கியதாக எதிர்வீட்டுக்காரி பிறகு சொன்னாள். அவள் வாயைத் திறந்தால் பொய்தான். ஆனால் போர்வை விஷயத்தில் பொய் சொல்லி அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அது லிஃப்ட்காரரின் அப்பா கொடுத்துவிட்டுப் போன வைன். அவர் இளவயதில் வைன் ஆலையில் புட்டிகளுக்குத் தக்கை அடித்தவர். நிரப்புவதற்கு முன் ஒவ்வொரு புட்டிக்குள்ளும் ஒரு ஊது ஊதித் தூசி போக்குவது அவர் பழக்கம். மேற்பார்வையாளர் தொண்டை கிழியக் கத்தியும் அவர் விடவில்லை. வேலையை விட்டு வந்தபோது ஒரு புட்டியைக் கொண்டுவந்து, மகன்கள் இருவரிடமும், "நீங்க ரெண்டு பேரும் சண்டை போடாம ஒரே மேசையில உக்கார்ற அன்னைக்குத் திறங்கடா" என்று பரணில் படுக்கப் போட்டார். வைன் அங்கேயே கிழடு தட்டிப்போனதற்குக் காரணம் வேறு தேட வேண்டாம்.

அப்பா ஆஸ்பத்திரியில் மூச்சுக்கருவியோடு கிடந்தபோது, அதை எடுக்கவே கூடாது என்றார் மூத்தவரான லிஃப்ட்காரர். பட்டது போதும், விட்டுவிடுங்கள் என்றார் பல் செட் கட்டும் தம்பி. இருவரும் தாழ்வாரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தபோதே, யார் முடிவுக்கும் காத்திராமல் அப்பா போய்விட்டார். அதோடு பேச்சு நின்றது. லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ஊரிலுள்ள அத்தனை மாடிகளுக்கும் ஆட்களை ஏற்றி இறக்கிய லிஃப்ட்காரர் தம்பி வீட்டுப் படியை மட்டும் மிதிக்கவில்லை. இடப்பக்கக் கடைவாய்ப் பற்கள் போனபோதும் தம்பியிடம் போகாமல் வருஷக்கணக்கில் வலப்பக்கமாகவே மென்றதில் முகமே ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. தெருவில் நேராக வந்தாலும் எதிரே வருகிறவர்கள் திரும்பப் போகிறார் என்று ஒதுங்கினார்கள். அவர்கள் மனைவிமாரான ஓரகத்திகள் இருவர் மட்டும் தினம் போனில் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் செய்த சதிதான் இந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு.

லிஃப்ட்காரர்தான் தக்கையை எடுத்தார். அது நொறுங்கித்தான் வந்தது. புட்டி விட்ட முதல் மூச்சின் வால்முனையில், ஈரத்தரையில் ரப்பர் செருப்பு இழுபடுவதுபோல ஒரு சீழ்க்கை கேட்டது. அப்பாவின் இளைப்பு. சின்ன வயதில் பக்கத்து அறையிலிருந்து வந்த அந்தச் சத்தத்தில்தான் இருவரும் தூங்கிப் பழகியவர்கள். தம்பி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அத்தனை வருஷம் பேசாத வாய் திறந்தது.

"அண்ணா, தொடாதீங்க. அது பாட்டுக்கு மூச்சு விடட்டும்."

"பழசுடா. வெளிக்காத்து தாங்காது. உடனே குடிச்சிடணும்."

"குடிக்கிறதா? அப்பாவையா?"

"அப்ப மூடி வைக்கட்டுமா? மூச்சு முட்டாது?"

"ஆஸ்பத்திரியில பேசின வசனத்தையே ஆளை மாத்திப் பேசுறீங்க" என்றாள் லிஃப்ட்காரரின் மனைவி. "சூப் ஆறுது."

தம்பி ஒரு வைன் கடைக்காரருக்குப் போன் போட்டார். "பழசுன்னா ரொம்ப நேரம் திறந்து வைக்காதீங்க சார், செத்துடும்" என்றார் அவர், வியாபாரப் பேச்சாக. மூடினால் முட்டிச் சாகும், வைத்தால் புளித்துச் சாகும், குடித்தால் அதோடு தீர்ந்தது. பாதி வழியில் நின்ற லிஃப்டுகளுக்குள் அழுதவர்களையெல்லாம் வெளியிலிருந்தே பேசிப் பேசிச் சிரிக்க வைத்தவர் லிஃப்ட்காரர். இங்கே எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் புட்டியில் காதை வைத்தபடி குனிந்து நின்றார். அறை நிறைய வந்த ஈரத்தோல் வாசனையும் உலர்ந்த பழ வாசனையும் மெலிந்தன. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. திரை பாதி தூரம் வந்து களைத்துத் திரும்பியது.

அதைப் பார்த்ததும் இருவரும் ஒன்றாகக் கை நீட்டினார்கள். அண்ணன் புட்டியைப் பிடித்தார். தம்பி அந்தக் கையைப் பிடித்தார். அடிமண்டி கலங்காமல் இரண்டு கிளாஸில் ஊற்றினார்கள்.

"இந்தத் தடவை பக்கத்துலயாவது இருக்கோம்ல" என்றார் தம்பி.

இருவரும் குடித்தார்கள். ருசி எப்படி என்று பிறகு பலரும் கேட்டார்கள். இருவருக்கும் மூக்கு அடைத்திருந்ததால் சொல்லத் தெரியவில்லை. திரை நின்றது. சூப்பை யாரும் தொடவில்லை.

அன்று சாயங்காலம் முதல் அண்ணன் விடும் மூச்சின் முடிவில் ஒரு சீழ்க்கை கேட்டது. தம்பிக்கும் அப்படியே. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார்; நுரையீரல் பளிங்குபோல் இருந்தது. "குடும்ப வாகு" என்று சொல்லி, மருந்து தராமல் அனுப்பிவிட்டார். தம்பி அண்ணனுக்குப் பல் கட்டிக் கொடுக்க, முகம் நேரானது. அதற்குமேல் பேசிக்கொள்ள இருவருக்கும் பெரிதாக விஷயம் இருக்கவில்லை. மத்தியானங்களில் ஒருவர் மற்றவருக்குப் போன் போடுவார். பேசமாட்டார்கள். இந்த முனையில் ஒரு சீழ்க்கை, அந்த முனையில் ஒரு சீழ்க்கை, அவ்வளவுதான். ஜன்னல் திரை மெல்ல வந்து போகத் தொடங்கும். லிஃப்ட்காரரின் மனைவி, செய்தித்தாள் பறக்காமலிருக்க அதன்மேல் காலிப் புட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, துணி மடிக்கப் போவாள்.