டெலோர்ம் வீட்டுக் கச்சை

அன்று தளபதி விட்லோவின் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: தளபதி, கார்ப்பரல் டட்டில், கடைக்காரர் கரியெப்பி, ராணுவத்துக்கு வழிகாட்டியான ஒனெசிம் டெலோர்ம், அவர் மனைவி ரோசாலி. தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் பிறகு வந்தவர்கள்.

மில்க் ஆற்று முகாம் பனியில் அடைபட்டு, மாவு தீர்ந்துபோயிருந்தது. இருநூறு மைல் தள்ளியிருந்த மிசௌரிக் கோட்டைக்குக் கடிதம் போனால்தான் உணவு வண்டிகள் வரும்.

"நீ எடுத்துட்டுப் போ. டட்டில் கூட வருவான்," என்றார் தளபதி ஒனெசிமிடம்.

"அவரு எதுக்கு?"

"போன வருஷம் உன் தம்பி கடிதப் பையைப் போட்டுட்டு ஓடினான்ல. அதுக்குத்தான்."

தம்பி மோதெஸ்ட் ஓடுகிறவன் அல்ல. பனிக்கடியில் எங்கேயோ கிடக்கிறான் என்பதில் ஒனெசிமுக்குச் சந்தேகமே இல்லை, காட்டத்தான் வழியில்லை. ஐம்பத்தெட்டு வயது முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"வரட்டும். கடிதத்தோட அவரையும் பத்திரமா கொண்டுபோய்ச் சேக்கறேன். எங்க வீட்டு ஆளுங்க கையில கொடுத்ததைத் தொலைக்கறதில்ல."

கரியெப்பி மாற்றுக் குதிரை தர முன்வந்தார். ஒனெசிம் மறுத்துவிட்டார். "எனக்கு ரெண்டு குதிரைன்னா, பாதி வழி வேற யாரோ கடிதத்தைக் கொண்டுபோனான்னு பேசுவாங்க."

ரோசாலி தான் நெய்த சிவப்புக் கச்சையை அவர் கோட்டின் மேல் இறுக்கிச் சுற்றினாள். "அவுத்துராதீங்க. இடுப்பு பிடிச்சுக்கிட்டா சேணத்துல உக்கார முடியாது."

"உன் வாயையும் சேத்துக் கட்டுற அளவுக்கு நீளமா நெய்திருக்கே."

ஒவ்வொரு மேட்டிலும் ஒனெசிம் இறங்கித் தன் சடைப் பெண்குதிரையோடு நடந்தார். டட்டில் உயரமான ராணுவக் குதிரையை விட்டு இறங்கவேயில்லை. ஆறாம் நாள் கேலி செய்தான்:

"என்ன பெருசு, குதிரையை முதுகுல தூக்கிக்கலாமே?"

"நாளைக்குப் பேசுவோம்."

மறுநாள் ஓட்ஸ் மூட்டை காலியானது. பெண்குதிரை குளம்பால் பனியைத் தோண்டிப் புல் தின்றது. லாயத்தில் வளர்ந்த ராணுவக் குதிரைக்குப் பனிக்கடியில் புல் இருப்பதே தெரியாது. அன்று மாலை அது மண்டியிட்டது, எழவில்லை. டட்டிலின் பாதங்களும் மரத்துப் போயிருந்தன.

"விட்டுட்டுப் போங்க பெருசு. கடிதம் போய்ச் சேந்தாப் போதும்."

"நான் மட்டும் போனா, உன்னைக் கொன்னு போட்டுட்டேன்னு சொல்லுவாங்க. எங்க வீட்டு மேல ஒரு பழி போதும். ஏறு."

"உக்காந்தா விழுந்துருவேன்."

ஒனெசிம் கச்சையை அவிழ்த்தார். டட்டிலைச் சேணத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். கோட்டுக்குள் காற்று புகுந்தது. இடுப்பு கத்தியாய்க் குத்தியது. அதற்குமேல் குனிய முடியாது என்பதால் நிமிர்ந்தே நடந்தார், சேண வாரைப் பிடித்தபடி, விடியும்வரை.

கோட்டை வாசலில் காவலன் கடிதம் தேடி டட்டிலின் பையைத் துழாவினான்.

"அங்க இல்ல. இங்க இருக்கு," என்று ஒனெசிம் தன் நெஞ்சிலிருந்து கடிதத்தை எடுத்தார். "கொண்டுவந்தது டெலோர்ம். மோதெஸ்டோட அண்ணன். ரெண்டையும் உங்க அதிகாரிகிட்ட சொல்லு."

உட்காரச் சொன்னார்கள். குதிரையின் உடம்பைத் துடைத்து, அதற்குத் தீனி வைத்த பிறகுதான் உட்கார்ந்தார்.

உணவு வண்டிகள் முகாமுக்குப் போயின. கால்விரல்கள் இரண்டை இழந்த டட்டில் தளபதியின் முன் நின்று, "பெருசோட தம்பி ஓடியிருக்க மாட்டான் சார்," என்றான். மோதெஸ்ட் ஓடினான் என்று தளபதி அதன்பின் சொன்னதேயில்லை.

ஆற்றோரமெல்லாம் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது: கிழவர் டெலோர்ம் மயங்கிப்போய், சேணத்தில் கட்டப்பட்டுத்தான் கோட்டைக்கு வந்தாராம். தவறு. கட்டப்பட்டு வந்தவன் கார்ப்பரல்.